இரட்டைப் புறா லேபிள்

பாட்டிலில் ஒட்டிய லேபிளை நகத்தால் சுரண்டக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை அரை மணி நேரம் அமுக்கி வைத்தால் பசை இளகிவிடும். பிறகு ஒரு மூலையைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளினால் தாள் முழுதாக வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பழைய துணியில் ஒற்றி, ஈரம் போனபின் புத்தகத்துக்குள் வைக்க வேண்டும். ஒன்பது வயதில், யாரும் சொல்லித் தராமல், நானே இதைக் கற்றுக்கொண்டேன்.

நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து. ஆகவே உறுதியாக நினைவிருப்பதை மட்டும் எழுதுகிறேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் நான்காம் வகுப்பு. சுற்றிலும் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு இருந்தது. எங்கள் புதுச்சேரியில் இல்லை. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வரும் பஸ்கள் வரும்போது நிமிர்ந்து வந்து, போகும்போது சாய்ந்து போகும் என்று அப்பா சொல்வார். அப்போது எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை.

பிராந்தி வியாபாரி ஒருவர் ஊரிலிருந்த கால்பந்துக் குழு ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், பூட்ஸ், மஞ்சள் சட்டை எல்லாம் அவர் கொடுத்தவை. சட்டையின் நெஞ்சில் இரண்டு புறாக்கள் மூக்கோடு மூக்கு வைத்திருக்கும். அவருடைய பாட்டிலிலும் அதே படம். குழுவின் சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றும் தெரியாது. எல்லோருக்கும் அது புறா டீம். நாங்கள் சிலேட்டில் புறாக்களாக வரைந்து தள்ளினோம். சமாதானத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இந்த வயதிலேயே எண்ணம் வந்துவிட்டதே என்று டீச்சர் மகிழ்ந்து, என் சிலேட்டைப் பக்கத்து வகுப்புக்கு எடுத்துப்போய்க் காட்டினார்.

அப்பா ஒவ்வொரு ஞாயிறும் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஆட்டத்துக்கு அழைத்துப் போவார். பெண் பிள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்று அம்மா முணுமுணுப்பார். எனக்குத் தம்பி பிறந்ததும் அவனை அழைத்துப் போகிறேன் என்று அப்பா பதில் சொல்வார். தம்பி பிறக்கவில்லை. நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் இறுதியாட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. ஆறு வாரத்துக்கு முன்பே தெருத்தெருவாகத் துண்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். இரட்டைப் புறா லேபிள் பத்து கொண்டுவரும் பிள்ளைகள் கயிற்றுக்கு உள்ளே, கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்காரலாம். தலைக்குப் புறாத் தொப்பி உண்டு. ஆட்டம் முடிந்ததும் கேப்டன் கைகுலுக்குவார். எங்கள் தெருவில் அன்றைக்கே மூன்று பிள்ளைகளிடம் நான்கு நான்கு லேபிள் சேர்ந்துவிட்டது. அவர்கள் வீட்டில் அப்பாக்கள் அதற்கு வசதியாக இருந்தார்கள்.

என் அப்பாவிடம் பத்து அல்ல, பத்தாயிரம் லேபிள் இருந்தது. அவர் ஓர் அச்சுக்கூடத்தில் எந்திரம் ஓட்டினார். பிரெஞ்சு அரசாங்கத்தின் படிவங்கள் வருவது நின்றுபோன பின் அங்கே நடந்த பெரிய வேலையே இந்த லேபிள்தான். நோட்டீஸை அடித்தவரும் அவரே. அன்று மாலை அவர் மஞ்சள் மை படிந்த விரல்களை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டிருந்தபோது, பத்துத் தாள் எடுத்து வரும்படி கேட்டேன்.

“அது என் கையில ஓடுது பாப்பா. என்னுது இல்ல” என்றார்.

வீணாய்ப் போன தாள் இருக்குமே என்றேன். அதையும் எண்ணித்தான் முசேயிடம் கொடுக்கிறேன் என்றார். முசே என்றது அச்சுக்கூட முதலாளியை. வருத்தத்துடன்தான் சொன்னார், ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை.

நான் பெரிய மார்க்கெட் ஓரச் சாக்கடையிலிருந்து ஒரு காலிப் பாட்டிலை எடுத்து வந்தேன். அம்மா அதைப் பிடுங்கி எறிந்து, என் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, முதுகில் இரண்டு வைத்தார். நான் சாப்பிடாமல் அழுதேன். மறுநாள் அப்பா வேலை முடிந்து வரும்போது செய்தித்தாளில் சுற்றி ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்தார். லேபிள் எனக்கு, உள்ளே இருப்பது சாக்கடைக்கு என்று சொல்லி மூடியைத் திருகினார்.

அம்மாதான் தடுத்தார். “காசு குடுத்து வாங்கினத யாராவது கீழ ஊத்துவாங்களா? டெய்லி மிசின மிதிச்சுட்டு வந்து காலு வலிக்குதுன்றீங்களே, மருந்து மாதிரி ரெண்டு மூடி குடிச்சுட்டுப் படுங்க.”

அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முகம் கோணியதைப் பார்த்து நாங்கள் மூவரும் சிரித்தோம். அந்தப் பாட்டில் ஆறு நாள் வந்தது. இரண்டாவது நான்கு நாள். மூன்றாவதற்கோ நான்காவதற்கோ அப்பா மூக்கைப் பிடிப்பதை விட்டுவிட்டார்.

எனக்கு அந்த வாரங்கள் பிடித்திருந்தன என்பதையும் எழுத வேண்டும். பொதுவாக அதிகம் பேசாத அப்பா, சாப்பாட்டுக்குப் பின் அச்சுக்கூடத்து ஆட்களைப் போல நடித்துக் காட்டினார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். பூகோளப் புத்தகம் லேபிள்களால் தடித்துக்கொண்டே வந்தது. ஏழாவது பாட்டில் வந்த நாளில் சைக்கிளை எங்கோ வைத்துவிட்டு நடந்து வந்தார். எங்கே வைத்தோம் என்பது அவருக்கு நினைவில்லை. மறுநாள் காலையில் நானும் அவரும் தேடிப் போய் எடுத்து வந்தோம். எனக்கு அது ஓர் உலாவாக இருந்தது.

பத்தாவது பாட்டில் ஆட்டத்துக்கு முந்தின நாள் ராத்திரிதான் காலியாயிற்று. அவசரத்தில் நான் நகத்தை வைத்துவிட்டேன்.

மறுநாள் மைதான வாசலில், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் லேபிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். பத்தாவதைத் தூக்கிப் பிடித்தார்.

“இதுல ஒரு புறாதான் இருக்குது. மொதலாளி ரெட்டப் புறான்னு சொல்லியிருக்காரு.”

“கொழந்த உரிச்சதுங்க. கொஞ்சம் கிழிஞ்சுபோச்சு” என்றார் அப்பா. “நான்தாங்க இத அச்சடிக்கிறவன்.”

“அப்ப ஒனக்குத் தெரியணுமே, எத்தினி புறான்னு.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மேசைக்குப் பக்கத்திலேயே வியாபாரி ஒரு கடை போட்டிருந்தார். அப்பா அங்கே போய் ஒரு பாட்டில் வாங்கி, சோடாக்காரரிடம் கெஞ்சி அவருடைய வாளித் தண்ணீரில் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார். குளிர்ந்த தண்ணீர். பசை இளக வெகு நேரம் ஆயிற்று. தாளை ஒரு துளி கிழியாமல் எடுத்து, தன் வேட்டியில் ஒற்றி, என்னிடம் கொடுத்தார். உள்ளே பாட்டில் கொண்டுபோகக் கூடாது என்று வாசல்காரர் சொன்னார். அப்பா பாட்டிலையும் என்னையும் பார்த்தார். கீழே ஊற்றிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“நீ போய் ஒக்காரு பாப்பா. நான் பின்னாலயே வந்துடறேன்.”

நான் கயிற்றுக்குள் போனேன். தொப்பி கொடுத்தார்கள். கோல் விழும்போதெல்லாம் என்ன கத்த வேண்டும் என்று ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பிராந்தியின் பெயரைக் கத்தினோம். புறா டீம் ஜெயித்தது. கேப்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. அப்பா இதைப் பார்க்கிறாரா என்று கூட்டத்தில் தேடினேன். வெளியே வந்தபோது சோடாக்காரரின் பெட்டியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தார். யார் ஜெயித்தது என்று என்னைக் கேட்டார்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே எழுத முடியும். ஒன்றரை வருடத்தில் அச்சுக்கூடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள்; நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லையாம். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவர் இறந்தார். பிராந்தியைப் பற்றியோ முதல் நாள் தான் சொன்னதைப் பற்றியோ அம்மா என்னிடம் பேசியதே இல்லை. ஒரே ஒருமுறை, காரியங்கள் முடிந்த மறுநாள், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: “பத்துத் தாள எடுத்துட்டு வந்திருந்தா, யாரு கேட்டிருப்பாங்க.”

ஆனால் எனக்கு அடிக்கடி நினைவு வருவது அதுவல்ல. ஆட்டம் முடிந்த அடுத்த ஞாயிறு. விளக்கேற்றும் நேரத்தில் அப்பா வந்தார், கையில் செய்தித்தாள் பொட்டலம். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. கணக்கை மறந்துவிட்டு எனக்காக இவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறார்.

“அப்பா, பத்து போதும்ப்பா. ஆட்டம்தான் முடிஞ்சிடுச்சே” என்றேன்.

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். ஆமாம், மறந்துபோச்சு என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். வீணாய்ப் போன காசுக்காக அப்பாவைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். இருவரையும் எப்படியாவது சமாதானப்படுத்திவிட வேண்டும் என்று தோன்றியது. பரவாயில்லை, அடுத்த வருடத்து ஆட்டத்துக்கு இப்போதே ஒன்று சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, நான் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.