சவுக்காரப் பலகையும் ஹாஜறா ராத்தாவின் சுவரும்

எழுபத்தெட்டாம் வருசச் சூறாவளி ஓய்ந்த மறுவாரம், சவுக்காரக் கம்பனியின் ஏரியா மனேஜர் கொழும்பிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். கல்முனையிலிருந்து மருதமுனை வரைக்கும் ரோட்டோரத்தில் நான் அவர்களுக்கு விளம்பரப் படம் கீறிக் கொடுத்த தகரப் பலகைகளில் ஒன்றுகூட நின்ற இடத்தில் இல்லை. ஊரே கூரையில்லாமல் கிடக்கிறது, இவருக்குப் பலகைதான் கவலை.

"தேடிப் பிடியுங்க ஆர்ட்டிஸ்ட். தகரம் கம்பனிச் சொத்து" என்றார்.

விளம்பரக் கலை என்றால் என்ன என்று இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். சுடுகிற தகரத்தில் கட்டம் போட்டு, எனமல் பெயின்ட் நாற்றத்தில் தலை கிறுகிறுக்க, சிரிக்கிற பெண்ணைக் கீறுவது. கீறி முடித்ததும், "மறுமையில அல்லாஹ் இதுக்கு உயிர் குடு எண்டு கேட்டா என்னகா செய்வாய்?" என்று கடைக்காரன் கேட்பான். அவன் கடைப் பலகைக்கும் படம் கீறினது நான்தான்.

மருதமுனையில் ஒரு பலகை கண்ணில் பட்டது. இடியப்பம் அவித்து விற்கிற ஹாஜறா ராத்தா அதை முன்சுவராக நட்டு, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு, கலியாணமாகாத இரண்டு குமருகளோடு உள்ளே இருந்தார். என் படத்துப் பெண் சவுக்காரத்தைக் கன்னத்தருகே பிடித்தபடி ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மனேஜர் ஜீப்பை நிறுத்தினார். "கழட்டுங்க."

ராத்தா முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "தம்பி, இதக் கழட்டினா என்ட புள்ளையள் வெட்டவெளியிலதான் படுக்கணும்."

நான் மனேஜரிடம் திரும்பினேன். "சேர், பலகை ரோட்டப் பாத்துத்தானே இரிக்கி. முந்தி மரத்துக்குப் பின்னால மறைஞ்சி நிண்டது. இப்ப பஸ்ஸில போறவனெல்லாம் பாக்கிறான்."

அவர் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "சரி, இருக்கட்டும். ஆனா விளம்பரம் பழுதாகக் கூடாது. திரும்ப வந்து பார்ப்பேன்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஜீப் மறைந்ததும் ராத்தா பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உருவப் படத்த உள்பக்கம் வச்சா அதுக்கு முன்னால தொழ ஏலாது. வெளிய வச்சா, வாறவன் போறவனெல்லாம் வாசல்ல நிண்டு பல்லக் காட்டுறானுகள். என்ட குமருகள் கிணத்தடிக்கும் போறல்ல. இந்த மூஞ்ச அழிச்சுத் தாங்க."

அழித்தால் மனேஜர் தகரத்தைக் கழற்றுவார். அழிக்காவிட்டால் குமருகள் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். எனக்கு அலுத்துப்போய்விட்டது. படம் கீறப் பழகிய நாளை நொந்துகொண்டு ரோட்டோரத்தில் குந்தினேன்.

கடைசியில் வெள்ளை டின்னைத் திறந்தேன். நெற்றியிலிருந்து நாடி வரைக்கும், கொஞ்சம் நீலம் கலந்து, குமிழ் குமிழாக நுரை கீறினேன். கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் நுரைக்குள் போயின. கையும் சவுக்காரமும் கம்பனிப் பெயரும் அப்படியே இருந்தன. நான் தூரிகை கழுவிக்கொண்டிருக்கும்போதே மூத்த குமர் குடத்தோடு வெளியே வந்து, பலகையைத் திரும்பியும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனாள்.

திரும்பி வந்த மனேஜருக்கு வாயெல்லாம் பல். "இப்பதான் சோப் விளம்பரம் மாதிரி இருக்கு! புதுப் பலகை எல்லாத்துக்கும் இப்படியே போடுங்க."

அடுத்த வருசம் முழுக்க வெயிலில் நின்று நுரை கீறினேன். கை ஓய்ந்துபோனது.

விளம்பரம் ரோட்டில் போகிறவனுக்கு என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். சுவருக்குப் பின்னால் இருக்கிறவர்களும் அதோடுதான் சீவிக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளே, தூரிகையைத் தொடுவதற்கு முதல் அந்தப் பக்கமும் ஒருக்கால் போய், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.