கதவுக்கு இந்தப் பக்கம்

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று, என் கண் இரண்டை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டு மீதி உடம்பை அப்பா மேஷ்ட்ருவிடம் கொடுத்துவிட்டார். மைசூரில் எங்கள் கவர்மெண்ட் பள்ளியில் வாத்தியாருக்கு மேஷ்ட்ரு என்றுதான் பெயர். "கண்ண மட்டும் உட்டுட்டு மத்ததெல்லாம் தோல உரிச்சுப்போடுங்க, ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்று தமிழில் ஆரம்பித்து, மேஷ்ட்ரு விழிப்பதைப் பார்த்துக் கன்னடத்தில் முடித்தார். மேஷ்ட்ரு சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

மேஷ்ட்ரு யார் தோலையும் உரிக்கவில்லை. நல்ல மனிதர். ஒரு பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கே தேடிக்கொண்டு போவார். அப்படித்தான் நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மதியம், மண்டி மொஹல்லாவில் சாக்குக் கடைக்குப் பின்னால் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தார். நான் லீவு போடவில்லை, காய்ச்சலும் இல்லை. என்ன குற்றம் செய்தேனோ என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

குற்றம் என்னுடையது அல்ல, வீட்டுடையது. நான் கெட்டிக்காரி என்றும், ஆனால் கன்னடம் எழுதும்போது ஊடே தமிழைக் கலந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். வீட்டில் எந்நேரமும் தமிழ் பேசினால் பிள்ளைக்குக் கன்னடம் எப்படி வரும்? இன்றிலிருந்து வீட்டிலும் கன்னடமே பேசுங்கள் என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டு எழுந்தார். அடுப்படியிலிருந்து ஏதோ சொல்ல வந்த அம்மாவை அப்பா கண்ணாலேயே அடக்கினார். "ஆகட்டும் மேஷ்ட்ரே" என்றார். வேலை பார்த்த ஹெப்பாள் தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடமும் அவர் அதைத்தான் சொல்வார். எஜமான் மாதிரி யார் வந்து நின்றாலும் அவருக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும்.

அன்று சாயங்காலமே வீட்டில் சட்டம் போட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர் எழுந்து அந்தப் பக்கம் போய், கூப்பிடும் வரை சந்தில் நிற்க வேண்டும். சட்டத்தைத் தமிழில் அறிவித்ததால் முதல் ஆளாக அவரே போய் நின்றார்.

அப்பா, அம்மா இரண்டு பேருமே ஹனூர்ப் பக்கம் மார்டள்ளிக்காரர்கள். கர்நாடகத்துக்குள்தான் என்றாலும் அங்கே தெருவெல்லாம் தமிழ்தான். அப்பாவுக்காவது பதினைந்து வருடத் தொழிற்சாலைக் கன்னடம் இருந்தது. அம்மாவுக்கு இருந்தது பஸ் கன்னடமும் காய்கறிக் கடைக் கன்னடமும். அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்கு டவுன் பஸ்ஸில் போய் வருவாள். ஆக, கண்டக்டர் பேசுவதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். குளிக்கப் போகாமல் நான் நின்றால் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று தள்ளுவாள். முன்னே போங்க என்று அர்த்தம், அதுவும் மரியாதையோடு! இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டால் "சில்ரெ இல்லா" என்பாள். சில்லறை இல்லையாம். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் "ஏம் புள்ள, சாம்பாருக்கு ஏது சில்ற?" என்று கேட்டுவிட்டு, தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே போய் நின்று சாப்பிட்டார்.

முதல் வாரம் எனக்குக் கொண்டாட்டம். கன்னடத்தில் அம்மாவுக்குத் திட்ட வராது! அடேயப்பா, தமிழில் அவள் திட்டினால் சாக்குக் கடைக்காரர் எடை போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார். அப்படிப்பட்டவள், நான் ஈரத் துண்டைப் படுக்கையில் போட்டிருப்பதைப் பார்த்து வாயைத் திறந்து, ஒன்றும் கிடைக்காமல், "பேடா, பேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். வேண்டாம், வேண்டாமாம். நான் வேண்டுமென்றே மறுநாளும் போட்டேன்.

ஆனால் அம்மாவை அடக்கிவைக்க முடியுமா? சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஊரிலிருந்து வரும் போனுக்குத் தமிழ் பேசலாம் என்று அப்பா விட்டிருந்தார். ஒருநாள் அம்மா பட்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, இங்க ஒரு மகாராணி இருக்கறா. ஈரத் துண்ட மெத்தையில போட்டுட்டு எரும மாட்டு மேல மழ பேஞ்சாப்புல உக்காந்திருக்கறா. இவளக் கட்டிக்கிட்டுப் போறவன் என்ன பாவம் பண்ணுனானோ!" போனில் பெரியம்மாவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இரண்டு வாரத் திட்டையும் அந்தச் செத்த போனில் கொட்டித் தீர்த்தாள்.

அப்பா பார்த்தார். மறுநாள் அவரும் சித்தப்பாவுக்கு போன் போட்டார். "ஏன்டா தம்பி, கொளம்புல உப்பே இல்ல, உங்கண்ணிக்கு யார் சொல்றது?" என்றார். "அக்கா, உப்பு டப்பா அவரு கைக்கு எட்டற தூரத்துலதான இருக்குது?" என்றாள் அம்மா. பத்தடி அறையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள். இந்தக் கூத்து எத்தனை நாள் போயிருக்குமோ, ஒரு சாயங்காலம் அப்பா "டேய் தம்பி" என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் காதுக்குள் போன் அடித்தது. நிஜ போன், சூப்பர்வைசர். அப்பா துள்ளிய துள்ளலில் நாங்கள் மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. மேஷ்ட்ருவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறோமே என்று போன் தமிழையும் நிறுத்திவிட்டார்.

அதோடு வீடு ஊமையானது. அம்மா சோறு போட்டாள், துணி துவைத்தாள். காலையில் எனக்குத் தலை பின்னும்போதுதான் அவள் கேன்டீன் கதையெல்லாம் சொல்லுவாள். யார் யாரோடு சண்டை, எவள் வெங்காயம் நறுக்காமல் நழுவினாள், எந்த மேனேஜர் மூன்றாவது தடவை பாயசம் கேட்டான் என்று பின்னல் முடியும் வரை கதை ஓடும். இப்போது சீப்பு இழுக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இரண்டு பின்னலும் போட்டு ரிப்பன் கட்டி, "ஆய்து" என்பாள். ஆயிற்று. எனக்கு அழுகை வந்தது. திட்டவாவது செய்யேன் என்று இருந்தது.

பள்ளியில் நான் வேறு ஆளாக இருந்தேன். மேஷ்ட்ரு தினமும் காலையில், வீட்டில் தமிழும் உருதும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகளை எழுப்பி, "நேற்று உங்கள் வீட்டில் என்ன பேசினார்கள்?" என்று கேட்பார். மற்றவர்கள் "கன்னடம் சார்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு அது போதுமா? அப்பா தட்டோடு சந்தில் நின்றது, சாம்பாருக்குச் சில்லறை இல்லாமல் போனது, செத்த போனில் சண்டை என்று ஒன்று விடாமல் நடித்தே காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். மேஷ்ட்ருவும் சிரிப்பார்.

பக்கத்து வீட்டு ஆபாவின் மகளும் என் வகுப்புதான். ஆபா என்றால் உருதில் அக்கா. அந்த அக்காதான் தண்ணீர்க் குழாயடியில் அம்மாவிடம் போட்டு உடைத்தார். "உங்க வீட்டுப் படம் ஸ்கூல்ல டெய்லி ஓடுதாமே, ஒங்க பொண்ணே ஓட்டுறாளாம்!"

அம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கி வைத்தாள். நான் அடிக்குத் தயாராக முதுகைச் சுருக்கிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. சட்டத்தை மறந்து தமிழில் கேட்டாள். "நீயாப் போயி சொன்னியா, அவுரு கேட்டாரா?"

"அவர்தான் கேட்பார்" என்றேன், கன்னடத்தில்.

"தெனமுமா?"

"தினமும்."

அம்மா கதவைத் திறந்துகொண்டு சந்தில் போய் நின்றாள். தமிழ் பேசியதற்குத் தண்டனை. நான் கூப்பிட்ட பிறகும் அவள் உடனே உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. அம்மா அடுப்படியில் தனக்குத்தானே கன்னடம் முணுமுணுக்க ஆரம்பித்தாள். காய் நறுக்கும்போதும் முணுமுணுப்பு, பாத்திரம் தேய்க்கும்போதும் முணுமுணுப்பு. கேன்டீனில் கூட வேலை செய்கிறவளிடம் கேட்டுக்கொண்டு வந்து ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லுவாள். "பார்த்தியா, வந்திருச்சு" என்று அப்பா என்னிடம் ரகசியமாகச் சந்தோஷப்பட்டார். நானோ, எங்கம்மா தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன்.

மாத முடிவில் பெற்றோர் கூட்டம். அம்மா முதல் முறையாக லீவு போட்டுவிட்டு வந்தாள். வழியெல்லாம் அப்பா கெஞ்சினார். "எதும் பேசிராத புள்ள. நாளைக்கு நம்ம பொண்ணுக்குத்தான் கஷ்டம்." அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஜன்னலில் தொங்கினோம். மேஷ்ட்ரு எடுத்த எடுப்பிலேயே எங்கள் அப்பாவைக் காட்டி, எல்லா வீடும் இந்த வீடு மாதிரி இருக்க வேண்டும் என்றார். கைதட்டல்! அப்பா முகமெல்லாம் பல்லாக எழுந்து கும்பிட்டார். அவர் உட்காருவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

கன்னடத்தில்தான் பேசினாள். முணுமுணுத்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றுகூடச் சரியான கன்னடம் இல்லை. ஆனாலும் ஒன்றிலும் தயங்கவில்லை. "ஸ்கூல் கேட் ஒளகே நிம்து, மேஷ்ட்ரே. நம்மனே பாகிலு ஒளகே நம்து." பள்ளி கேட்டுக்கு உள்ளே உங்களுடையது, எங்கள் வீட்டுக் கதவுக்கு உள்ளே எங்களுடையது என்றாள். கன்னடம் படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும், அதற்குத்தானே இங்கே அனுப்புகிறோம் என்றாள். கேன்டீனில் நான் அரைவேக்காடாகச் சோறு போட்டுவிட்டு மீதியை உங்கள் வீட்டில் வேகவைத்துக்கொள்ளுங்கள் என்பேனா என்று கேட்டாள். நான் என்ன பேசுகிறேன் என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், என் பெண்ணை வைத்து என் வீட்டை வேவு பார்க்காதீர்கள் என்றாள்.

முன் பெஞ்சில் இருந்த ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. புஸ்தகம் சும்மா, யூனிபாரம் சும்மா, மதியச் சாப்பாடு சும்மா. எல்லாம் சும்மா வாங்கிக்கொண்டு நமக்கென்ன அதிகாரம் வேண்டிக்கிடக்கிறது என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. இதற்கு அம்மா ஒத்திகை பார்த்திருக்கவில்லை. ஒரு நொடி வார்த்தை தேடினாள்.

"அவங்க சும்மா கொடுக்கறாங்கன்னு நாம பிள்ளையைச் சும்மா கொடுத்துட்டமா?" என்று இருந்த கன்னடத்தை வைத்துக் கேட்டாள்.

மேஷ்ட்ருவின் முகம் வாடிவிட்டது. நல்லதுக்குச் சொன்ன மனிதர், பாவம். அவர் அப்பாவைப் பார்த்து, சேர்க்கும்போது கண்ணை மட்டும் விட்டுவிட்டு எல்லாம் உங்கள் பொறுப்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டார். எல்லாத் தலையும் அப்பா பக்கம் திரும்பியது. எனக்குத் தெரியும், இப்போது "ஆகட்டும் மேஷ்ட்ரே" வரப்போகிறது. ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டேன்.

அப்பா எழுந்து கையைப் பிசைந்தார். பதினைந்து வருடக் கன்னடமும் அவரைக் கைவிட்டுவிட்டது. தமிழில் சொன்னார்.

"நாங் குடுத்தது புள்ளயத்தானுங்க மேஷ்ட்ரே. ஊட்டக் குடுக்கலீங்க."

பாதிப் பேருக்குப் புரியவில்லை. ஆபாதான் முதலில் சிரித்தார். பிறகு அவரே அதைக் கன்னடத்தில் சொல்ல, அறை முழுக்கச் சிரித்தது. மேஷ்ட்ரு கடைசியாகச் சிரித்தார், ஆனால் மனசாரச் சிரித்தார். "ஆகட்டும்மா" என்றார், அம்மாவைப் பார்த்து. திங்கட்கிழமை காலையில் எங்களை எழுப்பி, பழக்க தோஷத்தில் "நேற்று உங்கள் வீட்டில்..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று முடித்தார்.

கூட்டம் முடிந்து வரும்போது அம்மா தமிழைத் திறந்துவிட்டாள். ஈரத் துண்டு, வகுப்பில் காட்டிய நடிப்பு, தலையில் பேன் என்று பாக்கி வைத்திருந்த அத்தனைக்கும் பள்ளி வாசலிலிருந்து சாக்குக் கடை வரை திட்டிக்கொண்டே வந்தாள். கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டுக் கேட்டார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்தது அன்றுதான்.

இன்று நானே மேஷ்ட்ரு. நஞ்சன்கூடு பக்கம் ஒரு கவர்மெண்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறேன். கேன்டீனில் அம்மா அதைச் சொல்லாத ஆளில்லை. இங்கேயும் அப்பாக்கள் வந்து கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். முழுசாகவே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், நாளைக்குக் காலையில் அனுப்பினால் போதும் என்கிறேன்.

அந்தக் கூட்டத்தன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் வரவில்லை. அம்மா உள்ளே யாருக்கோ போனில் நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த முறை நிஜ போனில். அப்பா சந்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் தமிழ் பேசியதற்குத் தண்டனையை அனுபவிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, சட்டமெல்லாம் முடிஞ்சுபோச்சு. நீங்க உள்ள வரலாம்."

"இரு கண்ணு, இன்னிக்கு நானாத்தான் நிக்கறேன்" என்றார். குரல் என்னவோ போல் இருந்தது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாள் அடங்கிக் கிடந்து இப்போது உள்ளே கணீரென்று ஒலித்த அம்மாவின் குரலையே கேட்டுக்கொண்டு நின்றார். தோற்றுப்போனவர் அப்பாதான் போலிருக்கிறது என்று எண்ணி, அவருக்குத் துணையாக நானும் பக்கத்தில் நின்றேன்.