பர்னர் பற்றவைக்கும் முன்பே நூறு டிகிரி

சபரீஷ் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய லேமினேஷன் மெஷினிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் பீளமேட்டுப் பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாகக் குடுவை கழுவுகிறவள் நான். பெயர் சாராள், பிள்ளைகளுக்கு லேப் அக்கா. எத்தனையோ வாத்தியார்கள் வந்தார்கள், போனார்கள். அமிலத்தைத் தன் சட்டையிலேயே கொட்டிக்கொண்டவர் உண்டு. தவளையைப் பார்த்து மேசை மேல் ஏறியவரும் உண்டு. ஆனால் வந்த முதல் நாளே, "பிளக் பாயிண்ட் எங்க இருக்குதுங்க்கா? லேமினேஷன் மெஷின் வெக்கோணும்" என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, ஒரே மகன். இதே பீளமேட்டில்தான் இன்ஜினியரிங் படித்தார். அதாவது, படித்ததாக அவர் சொல்கிறார். அவர் அரியர் எழுதி முடிப்பதற்குள் கூடப் படித்தவர்கள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். பிறகு ஐ.டி. கம்பெனி ஒன்று எட்டு மாதம் சும்மா உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் கூடி யோசித்து பி.எட். சேர்த்துவிட்டார்கள். எதற்கும் ஆகாதவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவாவது ஆவான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, கருமம்!

இவர் வந்த வருஷம்தான் நிர்வாகத்துக்குப் புதுக் கிறுக்கு பிடித்தது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அறிவியல் வகுப்பு மூலமாக ‘நல்ல கற்றல் பண்புகளை’ வளர்க்க வேண்டுமாம். சார் மூன்று நாள் பயிற்சிக்குப் போய் ஒரு பையும் ஒரு சான்றிதழும் வாங்கிவந்தார். மறு வாரமே ஆய்வகச் சுவரில் இடமில்லை. ‘கேள்வி கேட்பேன்.’ ‘கண்ணால் கண்டதையே எழுதுவேன்.’ ‘தவறுக்கு அஞ்சமாட்டேன்.’ எல்லாம் பளபளவென்று லேமினேட் செய்து ஒட்டியாயிற்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பண்பு அட்டை, மாதம்தோறும் நட்சத்திரம். கேள்வி கேட்டால் ஒரு நட்சத்திரம் உண்டு. இரண்டாவது கேள்வி கேட்டால், "உக்காரு கண்ணு, போர்ஷன் முடிக்கோணும்" என்பார்.

அவர் சோதனை செய்யும் அழகே தனி. முதலில் கரும்பலகையில் அட்டவணை போடுவார். அதில் ‘கண்டறிந்தது’ என்ற கட்டத்தை நிரப்புவார். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொள்வார்கள். எல்லாம் முடிந்த பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இப்பப் பத்த வைங்க" என்பார். பர்னர் பக்கத்தில் அவர் வரவே மாட்டார், முழுக்கைச் சட்டையாயிற்றே.

ஏழாம் வகுப்புக்கு நீரின் கொதிநிலை. வழக்கம்போல நூறு டிகிரி என்று கட்டம் நிரம்பியது, நான் பற்றவைத்தேன். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தொன்பது பேர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானசா ஒருத்தி மட்டும் தெர்மாமீட்டரைப் பார்த்தாள். அவள் அப்பா மோட்டார் பம்பு கம்பெனியில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றுகிறவர், எதையும் அளந்து பார்க்கும் வீடு. நூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்றெட்டரை என்று எழுதினாள்.

"ஏனம்மணி, போர்டுல பாத்துக்கூட எழுதத் தெரியாதா?" என்றார் சார்.

"தெர்மாமீட்டர்ல அப்படித்தானுங்க சார் காட்டுது."

"அது பழசு. நூறுன்னு போடு."

அவள் போடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து நின்றாள். பெட்டி பிரிக்காத இரண்டு தெர்மாமீட்டர்களை எடுத்துக் கொடுத்தேன். மூன்றிலும் அதே தொண்ணூற்றெட்டரை. நூலகத்தில் எதையோ தேடிப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய், மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே போட்டிருக்கும் கடல் மட்ட உயரத்தைக் குறித்துக்கொண்டு வந்தாள். நானூறு மீட்டருக்கு மேல். "கடலோரத்துலதானுங்க்கா நூறு. நம்மூரு மேட்டுல இருக்குதுங்க. அதான் தண்ணி முன்னாடியே கொதிச்சுப்போடுது!" என்று அவள் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

அதை அப்படியே சாரிடம் போய்ச் சொன்னாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அது ரயிலுக்குப் போட்ட போர்டு அம்மணி, தண்ணிக்குப் போட்டதில்ல."

அந்த மாதம் மானசாவின் பண்பு அட்டையில் ‘கண்ணால் கண்டதையே எழுதுவேன்’ என்ற வரிக்கு நேரே நட்சத்திரம் இல்லை. ‘பிடிவாதம், திருத்திக்கொள்ள மறுக்கிறார்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். பெருந்துறையில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு ஏழாம் வகுப்பிலிருந்து மூன்று பேர்தான் போகலாம். எல்லா நட்சத்திரமும் இருப்பவர்களுக்கே இடம். ஆறாம் வகுப்பிலிருந்தே அந்தப் பிள்ளை அதற்காகத் தவம் கிடக்கிறாள்.

நேராகப் போய்க் கேட்டேன். "சார், நானும் பத்தொம்பது வருஷமாப் பாக்கறனுங்க. இந்த லேப்புல தண்ணி ஒரு நாளும் நூறைத் தொட்டதில்லீங்க."

லேமினேஷன் மெஷினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப ஏனுங்க்கா இத்தன வருஷமா யாருகிட்டயும் சொல்லல?"

கழுவுகிறவளை யார் கேட்டார்கள்?

"எங்க சார் எனக்கு நூறுன்னாருங்க. அவருக்கு அவங்க சார் சொல்லிருப்பாரு" என்றார். குரல் தணிந்திருந்தது. "நெசமாச் சொல்றனுங்க்கா, கொதிக்கற தண்ணியில தெர்மாமீட்டர் வெச்சு நான் பாத்ததே இல்லீங்க." ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷமே அந்தப் பாவத்தையும் அவரே கெடுத்துக்கொண்டார். "மூணு செக்சன் நோட்டும் கரெக்சன் முடிஞ்சுபோச்சுங்க. இனி மாத்துனா பிரின்சிபால் என்னையல்லவா கேப்பாரு?" இன்ஜினியராம், வாத்தியாராம், தூ!

அவரை ஏசுகிறேனே, நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் மானசா ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பெருந்துறைக்குப் போகிறவர்கள் பட்டியல் வெள்ளிக்கிழமை வருகிறது. "நூறுன்னே எழுதிப்போடு கண்ணு. ஒரு எண்ணுதானே? பெருந்துறைக்குப் போய்ட்டு வந்தறலாம்" என்றேன். அவள் ரப்பரை எடுத்து, என் மேசையிலேயே வைத்துத் தொண்ணூற்றெட்டரையை அழித்தாள். சார் அன்று மாலையே நட்சத்திரத்தை ஒட்டினார். ‘தவறுக்கு அஞ்சமாட்டேன்’ என்ற வரிக்கு இன்னொன்றும் சேர்த்து ஒட்டினார்.

பெருந்துறையில் எங்கள் கடைக்கு ‘நீரின் மூன்று நிலைகள்’ என்று பெயர். பனிக்கட்டி, தண்ணீர், ஆவி, சுற்றிலும் சாரின் அட்டைகள். பர்னருக்கு நான். கொதிக்கும் குடுவையில் தெர்மாமீட்டர் நின்றது. பாதரசம் தொண்ணூற்றொன்பதைத் தாண்டவில்லை. பெருந்துறையும் கடலோரம் இல்லையே.

நடுவராக ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார், நரைத்த தலை, பருத்திப் புடவை. குனிந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. விஷயம் தெரிந்தவர், நம் பிள்ளை வாயால் கேட்க ஆசைப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. சொல்லிப்போடு கண்ணு, ரயில் பலகையைச் சொல்லு, எவன் நட்சத்திரமும் நமக்கு வேண்டாம் என்று மனசுக்குள் கத்தினேன்.

"தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குதும்மா?"

"நூறு டிகிரிங்க மேடம்" என்றாள் மானசா.

"நல்லா ஒரு தடவ பாத்துச் சொல்லு."

"பாக்க வேண்டியதில்லீங்க மேடம். நூறுதானுங்க." அவள் தெர்மாமீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. குரலில் துளி தடுமாற்றம் இல்லை.

பேராசிரியை ஒன்றும் எழுதாமல் அடுத்த கடைக்கு நகர்ந்தார். சபரீஷ் சார் கைதட்டினார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நானும் தட்டினேன்.