ஆமைக்காக வெட்டிய மீன்

என் மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, தான் வளர்த்த ஆமையை என் கையில்தான் கொடுத்தான். உள்ளங்கை அகல ஆமை, காதோரம் சிவப்புக் கோடு. ஆனால் அது தேடியது என் ஓரகத்தியை.

அவள் என் கொழுந்தன் மனைவி. ஒரே வீடு, அடுப்பு மட்டும் வேறு. அவள் அடுப்பில் மீன் கொதிக்கும். நான் கவிச்சியை விட்டவள். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் விழுந்து பிழைத்தபோது, திருவையாற்றில் சாமி முன்னால் நின்று, இனி மீனைக் கையாலும் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

அவள் ஆமைக்கு ஒரு நாள் கீரை, ஒரு நாள் பரங்கிக்காய், ஒரு நாள் முள்ளோடு நறுக்கிய கெண்டைப் பொடிமீன், மழை பெய்தால் மண்புழு என்று மாற்றி மாற்றிப் போடுவாள். காலை வெயிலில் தொட்டியைத் தூக்கி வைப்பாள். அவள் கொலுசுச் சத்தம் கேட்டாலே தண்ணீரை அடித்துக்கொண்டு வரும். என்னைக் கண்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீடியோ காலில் மகன், "சித்தி, உங்களாலதான் இது இப்படி பளபளன்னு இருக்கு" என்பான். போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான். வயிறு எரியும்.

அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று மூன்று வாரம் பாபநாசம் கிளம்பினாள்.

"அக்கா, ஒண்ணையே தினமும் போட்டுடாதீங்க. மீன மட்டும் மாமாவ வெட்டிப் போடச் சொல்லி..."

"நான் பெத்த புள்ள குடுத்துட்டுப் போனது. எனக்குத் தெரியாதா? நீ பஸ்ஸ விட்டுடாத."

தொட்டியைப் பூஜை அறை மூலைக்கு மாற்றினேன். பெருமாளே கூர்மமாக வந்தவர்தானே என்று, சாமிக்குப் படைத்த வெண்பொங்கலையும் வாழைப்பழத்தையும் தினமும் வைத்தேன். அது தின்றது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை. மகனுக்குக் காட்டினேன். அவன் கேட்டது, "சித்தி எப்பம்மா வருவாங்க?"

இரண்டாம் வாரம் அது வாயைத் திறக்கவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"என்னம்மா குடுக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"சாமிக்குப் படைச்சதுங்க. பொங்கல், பழம்."

"சாமிக்கு ஒத்துக்கும், இதுக்கு ஒத்துக்காதும்மா. கீரை, காய், சின்ன மீன்னு மாத்தி மாத்திக் குடுங்க. வெயில்ல வைங்க." சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

ஓரகத்தி செய்ததைத்தான் அவரும் சொன்னார். அது வேறு எரிந்தது.

நாலு நாள் மருந்துக்குப் பிறகு கண் திறந்தது. ஆனால் கீரையையும் காயையும் சீண்டவில்லை. மீன்காரம்மா தெருவில் வந்ததும் கூப்பிட்டேன்.

"நீங்களாக்கா? வெரதம் என்னாச்சு?"

"எனக்கில்ல, ஆமைக்கு."

"ஆமைய சொல்லி எத்தன பேரு திங்கப் போறீங்களோ!" என்று சிரித்துக்கொண்டே ஒரு கை அள்ளிப் போட்டாள்.

என் வீட்டுக்காரர், "குடு, நான் வெட்டிப் போடறேன். உன் வேண்டுதல் உன்னோட இருக்கட்டும்" என்றார். நான் கொடுக்கவில்லை. அவர் கையால் போட்டால் அது அவர் பின்னால் போய்விடும்.

விளக்கேற்றிச் சாமியிடம், "வாயில்லாத ஜீவன், மன்னிச்சிடப்பா" என்றேன். பாதிதான் உண்மை. மீதியைச் சாமியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நறுக்கினேன். அன்று அந்த ஆமை கழுத்தை நீட்டி என் விரலிலிருந்து பறித்துத் தின்றது. அழுதுவிட்டேன்.

ஓரகத்தி வந்து இறங்கியதும் என் முழங்கையைத்தான் பார்த்தாள்.

"என்னக்கா, மீன் செதிலு?"

எல்லாவற்றையும் சொன்னேன், கண் வீங்கியதை, நான் போட்டதை. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இனிமே நாம ரெண்டு பேரும் போடுவோம். மீன் என் பொறுப்பு, நீங்க தொட வேணாம்" என்று தொட்டிப் பக்கம் நடந்தாள். கொலுசு கேட்டது. ஆமை என்னைத் தாண்டி அவளிடம் நீந்திப் போனது.

மறுநாள் காலை சாமியிடம் அந்த மீதிப் பாதியையும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கீரை நறுக்க உட்கார்ந்தேன், அவள் எழுந்து வருவதற்குள்.