பென் டிரைவுக்கு வைத்த பொட்டு

ஜெர்மனியில் செல்போனுக்கு 'ஹேண்டி' என்று பெயர். பென் டிரைவ் என்றால் கடைக்காரர் பேனா அலமாரியைக் காட்டுகிறார். அதற்கு இங்கே 'ஊ-எஸ்-பே ஷ்டிக்' என்று சொல்ல வேண்டுமாம். நடுக்கடையில் நின்று ஊ, பே என்று நான் சொன்னதை எங்கள் நைனார்பாளையத்துக்காரர்கள் கேட்டிருந்தால் வேப்பிலையோடு வந்திருப்பார்கள். ஒருவழியாக, பென் டிரைவைப் போனில் மாட்டும் குட்டி ஓடிஜி ஒன்றை வாங்கினேன். ஜெர்மனியில் இருக்கிறாய், லேப்டாப் இல்லையா என்று நீங்கள் வாயைப் பிளக்கலாம். முதியோர் இல்லத்து நர்ஸ் நான். நீங்கள் நினைக்கிற ஜெர்மனி வேறு, சாமி.

அந்தப் பென் டிரைவில் அப்பா இருந்தார். கரும்பு விவசாயி. பிடிவாதத்தில் நான் அவர் பெண்தான், சந்தேகமே வேண்டாம். மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை மாப்பிள்ளை ஒருவரை எனக்குப் பேசி வைத்திருந்தார். நான் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டு வந்து, நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போகிறேன் என்று சொன்னேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். வீட்டுக்குப் போன் செய்தால் பின்னால் அவர் மாட்டைக் கொஞ்சுவது கேட்கும். மாட்டுக்குக் கிடைக்கிற வார்த்தை எனக்குக் கிடைக்காது. தம்பி கல்யாணத்துக்கும் எனக்கு லீவு கொடுக்கவில்லை. தீர்ந்தது கதை என்று இருந்தேன். ஆனால் மண்டபத்தில் வீடியோக்காரரைத் தனியே அழைத்துப்போய் எனக்காக ஏதோ பேசிப் பதிவு செய்திருக்கிறார். யாரும் பார்க்கக்கூடாது, தனிப் பென் டிரைவில் போட்டுக் கொடு என்று வாங்கி, விடுமுறை முடிந்து திரும்பிய என் சின்னசேலத்துத் தோழியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

கொடுப்பதற்கு முன் செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும். டிராக்டரோ மிக்ஸியோ, எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் பொட்டு வைக்காமல் வேலை செய்ய விடமாட்டார். கடல் தாண்டும் பென் டிரைவைச் சும்மா விடுவாரா? மூடியைக் கழற்றி, பளபளவென்று இருக்கும் முனைதான் நெற்றி என்று முடிவு செய்து, அதன் வாய் நிறையச் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார். என் கைக்கு வந்தபோது எல்லாம் காய்ந்து கெட்டியாகியிருந்தது.

போனில் மாட்டினேன். போன் கண்டுகொள்ளவே இல்லை. ஓடிஜி வாங்கிய கடைக்கே எடுத்துப்போனேன். கடைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "ப்ளூட்?" என்றார். ரத்தமா என்று கேட்கிறார். இல்லை ஐயா, கெட்டது அண்டாமல் இருக்க இயந்திரங்களுக்கு நாங்கள் வைக்கும் பொட்டு என்று தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது. "ஆ, ஆன்டிவைரஸ்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு ஜெர்மன்காரருக்கு எங்கள் ஊர் இவ்வளவு சரியாகப் புரிந்தது அன்றுதான்.

அறைக்கு வந்து பழைய டூத் பிரஷ்ஷால் சுரண்டித் துடைத்து மாட்டினேன். இப்போது போன் வாய் திறந்தது: படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா? தம்பியைக் கூப்பிட்டேன். அவன் புதுப்பெண்டாட்டியோடு கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கப் போயிருந்தான். அங்கே டவர் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும். "அக்கா, அத்த ஃபார்மட் பண்ணிட..." என்றான். லைன் போய்விட்டது. பண்ணிடு என்றானா, பண்ணிடாதே என்றானா? தமிழில் வேண்டும் வேண்டாம் எல்லாம் வாலில்தான் தொங்கும். ஜெர்மனும் லேசுப்பட்டதில்லை, 'இல்லை' என்பதற்கான 'நிஷ்ட்'டைக் கடைசியில் வைத்து உயிரை வாங்கும். கள்ளக்குறிச்சி செல்போன் கடைகளில் எந்த வியாதிக்கும் ஃபார்மட்தான் மருந்து. ஃபார்மட் என்றால் ஒழுங்குபடுத்துவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். விரல் பொத்தான்மேலேயே இருந்தது. ஏனோ பயமாக இருந்ததால் அழுத்தவில்லை. மலையை விட்டுக் கீழே இறங்கியதும் தம்பி கூப்பிட்டான். "பண்ணிடாதக்கா, உள்ள இருக்கிறது மொத்தமும் பூடும். இன்னும் நல்லா தொடைச்சிட்டு சொருவு."

துடைத்தேன். திறந்தது. வெள்ளை வேட்டியில் அப்பா, முகம் முழுக்கக் காமிரா விளக்கின் வெளிச்சம். தொண்டையைச் செருமினார். "தோ பாரும்மா" என்றார். அதற்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு வீடியோக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டி, "யப்பா, கண்ணு கூசுது, அத்த நிறுத்து" என்றார். அவர் சொன்னது விளக்கை. வீடியோக்காரர் காமிராவையே நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் வீடியோ. முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். நான் பார்த்துவிட்டேனா என்று அப்பா தினமும் விசாரித்துக்கொண்டே இருப்பதாக அம்மா சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் போன் அவர் கைக்குப் போய்விட்டது.

"முழுசா கேட்டியா?"

விளக்கு அணைந்த நிம்மதியில், அணைந்த காமிராவிடம் மனசையெல்லாம் கொட்டியிருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் பதிவாகவில்லை என்று சொன்னால் இன்னொரு தரம் சொல்வாரா? மாட்டார். மாட்டிடம் போய்விடுவார்.

"கேட்டேம்பா."

"அதுக்கு இன்னா சொல்ற?"

"சரிப்பா" என்றேன்.

"நீ இதுக்கு ஒத்துக்குவேன்னு நெனைக்கவே இல்ல" என்றார். குரல் உடைந்திருந்தது.

இப்போது வாரம் தவறாமல் பேசுகிறார். மழை, கரும்பு, மருமகளின் சமையல் எல்லாம் பேசுகிறார். அந்த விஷயத்தை மட்டும் முடிந்துபோனதாக விட்டுவிட்டார். திரும்பி வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேனா, இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டேனா, எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை. போன வாரம் வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி, அடுத்த வருஷமும் இருப்பாயா, காலி செய்வாயா என்று கேட்டார். அது என் அப்பாவுக்குத்தான் தெரியும் என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று அவர் வெகுநேரம் சிரித்தார்.