செனட்டரின் ரயிலும் என் ராகுகாலமும்

எழுபதுகளில் நாங்கள் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்தபோது, இந்த நாட்டில் தங்க நானும் கணவரும் கேட்ட அனுமதியை மறுத்துவிட்டார்கள். மேன்முறையீட்டுக்கு என்னுடைய சத்தியக் கடதாசி வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

எங்கள் வழக்கறிஞர் சப்பாத்துக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் தொழில் தொடங்கியவர். தொழிற்சாலை ஆட்களுக்காக வாதாடியே பெயர் எடுத்தவர். அந்தக் கிழமை அவரை நாட்டின் மேற்சபைக்குச் செனட்டராக நியமித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதிய ரயிலில் தலைநகர் ஒட்டாவாவுக்குப் போகிறாராம். பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்கார் பனியில் நின்று நின்று போனது. நாங்கள் போய்ச் சேர பத்தே முக்கால். பத்தரைக்கே ராகுகாலம் பிடித்துவிட்டது. அலுவலக நடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

மொழிபெயர்க்க என்னோடு வந்த, எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் தமிழ்நாட்டுப் பெண் தவித்தாள்.

"அக்கா, உள்ள வாங்க. மனுஷன் கிளம்பிடுவாரு."

"பன்னிரண்டு ஆகட்டும் தங்கச்சி."

"இங்க சூரியன் எழுந்திருக்கவே எட்டு மணி ஆகுது. உங்க ஊர் ராகுகாலம் இங்க எப்படி வரும்?"

"என்னோடைதான் பிளேனிலை வந்தது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழும்பினேன், இருந்தேன், மறுபடி எழும்பினேன்.

பதினொன்றே காலுக்கு அவரே ஓவர்கோட்டும் பெட்டியுமாக வெளியே வந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பன்னிரண்டு வரைக்கும் இருக்கேங்கிறாருக்கா. அடுத்த ரயில்ல போறாராம்."

அவர் முகம் அமைதிதான். ஆனால் சப்பாத்து நுனி நிலத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. பெரிய பதவிக்கு முதல் பயணம் போகிற மனிதரை நான் மறித்து வைத்திருக்கிறேன். அந்தப் பாவம் ராகுவை விடப் பெரிதாகத் தெரிந்தது.

"பேனையைத் தரச் சொல்லு," என்றேன்.

சத்தியம் செய்து, என் பெயரைத் தமிழில் எழுத்தெழுத்தாக எழுதினேன். அவரும் ஒப்பமிட்டுவிட்டுப் படிகளில் ஓடினார்.

அதன் பிறகு நாலு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கெட்ட நேரத்தில் வைத்த கையெழுத்து என்ன செய்யுமோ என்று தபால்பெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்தேன். முடிவுக் கடிதம் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான், பதினொரு மணிக்கு. கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

"உனக்கென்ன விசரே? உடை!" என்றார் கணவர்.

"நீங்களே உடையுங்கோவன்."

கடிதத்தைக் கையில் எடுத்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல இருந்த இடத்திலேயே வைத்தார்.

பன்னிரண்டு அடித்த பிறகு பிரித்தோம். நாங்கள் இந்த நாட்டிலேயே இருக்கலாம் என்று எழுதியிருந்தது.