கூட்டுக்குள் உம்மா

வாப்பா துபாயிலிருந்து லீவில் வந்தால் தைலமும் சோப்பும் காயல்பட்டினத்து வீடுகளுக்கெல்லாம் பங்காகிப் போய்விடும். ஒரு தடவை எனக்கென்று மட்டும் ஒரு படப்புத்தகம் வந்தது. இலையில் ஒட்டிய முட்டை, பிறகு பச்சைப் புழு, பிறகு கூடு, கடைசிப் பக்கம் முழுக்க வண்ணத்துப்பூச்சி. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். லீவு முடிந்து போன பிறகும் வெள்ளிக்கிழமைகளில் வாப்பா போனில் முகம் காட்டி, நான் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, தமிழில் கதை சொல்வார். கூடு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இதத் தொறந்து பாக்கப்படாது, என்ன? உள்ள ரெக்க மொளைக்குது."

ஒரு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. வீடு நிறையப் பெண்கள் வந்து அழுதார்கள். வாப்பா அல்லாஹ்விடம் போய்விட்டதாக உம்மாவின் தங்கை, என் சாச்சி, சொன்னார். அடக்கம் அங்கேயே முடிந்துவிட்டதால் நாங்கள் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. வாப்பா ஏற்கெனவே ஷார்ஜாவிலிருந்து கம்பெனி மாறியவர். இதுவும் அப்படித்தான், இனி லீவு கிடைப்பது கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது மார்க்கம். எனக்கு யாரும் அதை விளக்கவில்லை. நகையைக் கழற்றிவிட்டு, வெள்ளைச் சேலையைத் தலையோடு சுற்றிக்கொண்டு உம்மா உள்ளறைக்குப் போனதையும், ஜன்னலில் திரை விழுந்ததையும் பார்த்தேன். புத்தகத்தில் பார்த்ததுதானே. விளக்கம் எதற்கு?

காவல் வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். மீன்காரரைத் தெருவிலேயே நிறுத்தினேன். காற்று வரட்டும் என்று திரையை விலக்கிய சாச்சியின் கையில் அடித்தேன்.

"ஏளா, தொறக்கப்படாதுன்னு ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"வாப்பா."

சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார்.

மத்தியானங்களில் உம்மாவின் முதுகோடு ஒட்டிப் படுத்துத் தடவிப் பார்ப்பேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு தோளுக்கும் கீழே மேடு தட்டியது. உள்ளே போகும் சோற்றுத் தட்டு அப்படியே திரும்பி வரும். புழுவும் கூட்டுக்குள் போனால் தின்னாது. வாரம் போகப் போக மேடுகள் கூர்மையாயின. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இத்தா முடிந்த அன்று உம்மா குளித்து, சாச்சி எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டிக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் குதித்துக்கொண்டு பின்னால் போய் முதுகைத் தொட்டேன்.

"வாப்பாட்ட எப்ப உம்மா பறந்து போவீங்க?"

உம்மா என் முகத்தையே பார்த்தார். "நான் போயிட்டா நீ என்னளா செய்வ?"

"நான் சாச்சிகூட இருந்துக்கிடுவேன். நீங்க போங்க. வாப்பா அங்கன தனியா இருப்பாஹல்லா."

உம்மா என்னை இழுத்து அணைத்ததில் மூச்சு முட்டியது. வெகுநேரம் விடவில்லை. பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, சோறு போடச் சொல்லிச் சாச்சியைக் கூப்பிட்டார்.

அன்று தட்டு காலியாகத் திரும்பியது. மறுநாளும் அப்படியே. உம்மாவின் முதுகில் இருந்த மேடுகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சதைக்குள் மறைந்துபோயின. அன்றைக்குத் திரையை விலக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்து, நான் நெடுநாள் சாச்சியோடு பேசவே இல்லை.